பச்சையும் கறுப்பும்

நள்ளிரவு ஒன்றரைக்கு
நாலாம் நம்பர் பெல்ட் நின்றது.
உருளையில் ஏதோ சிக்கியிருக்கிறது,
மெக்கானிக் மீஞ்சூரிலிருந்து வர வேண்டும்.
தண்ணீர்க் கேனில் போனைச் சாய்த்து வைத்தேன்.
எண்ணூரில் கரி நின்ற நிமிஷம்
லான்ஸில் விசில் ஊதினார்கள்.

பிரான்சுக்கு வடக்கே சின்ன ஊர்.
ஊரில் இருக்கிற தலைகளைவிட
மைதானத்தில் நாற்காலிகள் அதிகம்.
முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்று நினைத்தேன்.
அப்புறம் தோன்றியது,
திருவொற்றியூர்த் தேர் இழுக்கிறவர்கள் எல்லாரும்
திருவொற்றியூர்க்காரர்களா என்ன.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறில்
பையன்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய கிளப்.
அதே வருஷம் மார்ச்சில், பக்கத்துச் சுரங்கத்தில்
கரித்தூள் பற்றிக்கொண்டு வெடித்தது.
ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேர்.
பந்துக்குக் காற்றடித்தவனின் மாமன்
அந்தக் குழிக்குள் இருந்தானா, எங்கும் எழுதவில்லை.
இருந்தான் என்றே வைத்துக்கொண்டேன்.

முப்பதுகளில் சுரங்கக் கம்பெனியே
கிளப்பை எடுத்து நடத்தியது.
வேலையில்லாமல் நின்றவர்கள் மைதானம் கட்டினார்கள்.
வாரமெல்லாம் பூமிக்கடியில், ஞாயிறு புல்லின்மேல்.
போலந்திலிருந்து வந்தவர்கள்,
பின்னால் மொராக்கோவிலிருந்து வந்தவர்கள்,
வாயில் நுழையாத பெயர்கள்
கூட்டம் கத்திக் கத்தி வாய்க்குப் பழகின.
கடைசிக் குழியைத் தொண்ணூறில் மூடினார்கள்.
லீக் கோப்பை வந்தது தொண்ணூற்றெட்டில்.
கரி தீர்ந்தபிறகு.

எங்கள் அணி இப்படி:
கோலில் லூர்துநாதன், வலை இழுத்த கை.
பின்னால் நிற்கிற இரண்டு பேரும் சாம்பல் லாரி.
நடுவில் பிரபோத், ஊர் அங்குல், அங்கேயும் கரிதான்.
அவன் தமிழ்: 'உடு உடு', 'மேல', 'சம்பளம்'.
இடப்பக்கம் காஜாமைதீன், முழங்காலில் ஆறு தையல்.
பத்தாம் நம்பர் நான், வயது முப்பத்தெட்டு,
வேறு யாரும் கேட்காததால்.
சாம்பல் குளத்துக்கு இந்தப் பக்கம்
ஆடுகிற இடம்.
வெள்ளைப் பந்து பத்து நிமிஷத்தில்
பழைய பந்து.

போன மாதம் ஜெர்சிக்குத் தலைக்கு இருநூற்றைம்பது போட்டோம்.
சிவப்பும் பொன்னும் என்றேன், லான்ஸ் போல.
பெரியமேட்டில் அல்தாஃப் பாய்
பத்து நாள் ஆகும், விலையும் ஏறும் என்றார்.
கூரியர் கம்பெனி ஒன்று ஆர்டர் கொடுத்து
வாங்காமல் விட்டது பதினான்கு இருக்கு,
பாதி விலை, எடுத்துக்கோங்க.
கவரைக் கிழித்தார்.
பச்சை. குறுக்கே கறுப்புப் பட்டை.

லூர்து உதட்டைப் பிதுக்கினான்.
பிரபோத் மட்டும் கறுப்பைத் தடவிப் பார்த்து
"கரி தெரியாது" என்றான்,
அவனுடைய முதல் முழு வாக்கியம்.

நான் வாயைத் திறக்கவில்லை.
சிவப்பும் பொன்னும் வருவதற்கு முன்னால்
லான்ஸ் உடுத்திய முதல் நிறமே பச்சையும் கறுப்பும்தான்.
பச்சை, அவர்கள் கூடிய பசுஞ்சதுக்கத்தின் பெயருக்காக.
கறுப்புக்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை.
சொல்லியிருந்தால்,
பாயிடம் முன்னாடியே பேசிக் கமிஷன் வாங்கிட்டான்
என்றிருப்பார்கள்.

எழுபதாவது நிமிஷத்தில் மெக்கானிக் வந்தார்.
உருளையைத் தளர்த்தி, தோள்வரை கைவிட்டு,
வெளியே இழுத்தது ஒரு ரப்பர் பூட்ஸ்.
இடது கால்.
இந்தோனேசியாவில் வெட்டி, கப்பல் ஏறி,
கரியோடு கரியாக வந்திருக்கிறது.
எட்டு சைஸ், என் சைஸ்.
உள்ளே கையைவிட்டுப் பார்த்தார்,
எதுவும் இல்லை என்று தலையாட்டினார்.
அப்போதுதான் மூச்சுவிட்டேன்.

சட்டைக்குள் போட்டிருந்த பச்சை
வேர்த்து முதுகில் ஒட்டியது.
பெல்ட் மறுபடி ஓடத் தொடங்கி
போனின் சத்தத்தை விழுங்கியது.
திரையில் மட்டும்
முப்பத்தெட்டாயிரம் பேர் எழுந்து நிற்கிறார்கள்.
எதற்கென்று தெரியவில்லை.
பூட்ஸைக் கம்பியில் கவிழ்த்து மாட்டினேன்.