ஒட்டிக்கொண்ட பொத்தான்

"செட்டு செத்துப்போச்சு, ரெக்சலின்.
ராத்திரி முழுக்கக் கூப்பிட்டேன்,
ஒரு பய பதில் சொல்லல"
என்று மேசையில் வைத்தார் சவேரியார்பிச்சை.
தொட்டுப் பார்த்தேன். இன்னும் சூடு.

பாம்பன் தெற்குவாடியில் என்னிடம் வருகிற செட்டுகள்
பெரும்பாலும் செத்திருப்பதில்லை.
ஃப்யூஸ் போயிருக்கும்.
பேட்டரி முனையில் பச்சை பூத்திருக்கும்.
ஆன்டெனா வயருக்குள் உப்புத்தண்ணி இறங்கிச்
செம்பு கறுத்திருக்கும்,
வெட்டிக்கொண்டே போனால்
ஒரு முழம் தள்ளி மினுங்கும்.
இரைச்சல் பொறுக்காமல் ஸ்குவெல்ச்சைக்
கடைசிவரை திருகிவிட்டுக்
கடலே ஊமை என்பார்கள்.

இது அதில்லை.
எனக்கு ராத்திரியே தெரியும்.

கென்னடி படகுச் செட்டைச் சோதிக்கப்
பதினொரு மணிக்கு முடுக்கினேன்.
எஞ்சின் சத்தம். ஓர் இருமல்.
பிறகு இவர் குரல், யாரையும் பார்க்காத குரல்:
"கம்மலை வச்சுத்தான் டீசல் போட்டேன், அமலி.
ம்ஹும். இப்படிச் சொல்லக் கூடாது.
அமலி, ஒன் கம்மல் இருக்குல்ல..."
மறுபடி முதலிலிருந்து.
நடுவில் நீவாட்டைத் திட்டினார்.
மறுபடி அமலி.

பேசுகிற பொத்தான் அமுங்கிக் கிடந்தால்
செட்டுக்குக் காது கிடையாது.
நாற்பது படகு கேட்டது;
ஒருவராலும் அவரிடம் சொல்ல முடியவில்லை.
கரைக்குக் கிட்ட நின்ற மிக்கேலின் குரல்
இவர் குரலை அமுக்கிக்கொண்டு ஏறியது:
"எல்லாரும் எழுபத்திரண்டுக்கு மாறுங்கடா.
அவரு வீட்டுப் பேச்சு, கேக்காதீங்க."
பாதிப் பேர் போனார்கள்.
நான் போகவில்லை.

மைக்குக்கு நாலு திருகு.
பொத்தானுக்கு அடியில் விளமீன் செதில்,
சுண்டுவிரல் நகமளவு,
காய்ந்து கண்ணாடியாய்.
இடுக்கியால் எடுத்தேன்.
ஸ்பிரிங்கைத் துடைத்துப் போட்டேன்.

"என்ன கோளாறு?"
"உப்பு."
"அப்ப நான் பேசுனது?"
"அமுக்கிப் பாருங்க. பேசிட்டு
விரலை எடுத்துரணும்."

"கேக்குதா?" என்றார். விரலை எடுத்தார்.

கேக்குது மாமா, நல்லாக் கேக்குது,
தெளிவா இருக்கு மாமா,
ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு
ஏழெட்டுக் குரல்.

"வலை காயப்போடுற நேரத்துல
இம்புட்டுப் பேரா செட்டுகிட்ட உக்காந்திருக்கானுவ?"
என்று என் முகத்தைப் பார்த்தார்.

நூற்றைம்பது என்று
பில் எழுதக் குனிந்தேன்.
பேனாவுக்குப் பக்கத்தில் கிடந்தது
அந்தச் செதில்.