ரசீதின் பின்பக்கம்

காது கேளாத டிலக்சனாவைக்
கல்முனை பேக்கரியில் வேலைக்கு வைத்தேன்.
"பெரிய மனசு முதலாளி" என்றார்கள்.
ஜெஸீலுக்குக் கொடுப்பதில் பாதிதான் அவள் சம்பளம்.
அதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

ரோஸ் பாணுக்கு உள்ளங்கை தட்டையாகும்,
மீன் பணிசுக்கு மணிக்கட்டு நீந்தும்.
முதலில் பழகியது
சிங்களம் மட்டுமே தெரிந்த நெல் லொறி டிரைவர்.
பிறகு பள்ளிப் பிள்ளைகள்.
நான் கடைசி.

நோன்பு மாதம், அஸர் தாண்டிக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இரைச்சலில்
ஜெஸீலின் வரிசை
கஞ்சிக்கோப்பையோடு கத்திக்கொண்டு நின்றது.
அவளுடையது
சத்தமில்லாமல் கரைந்தது.

இரவு கல்லா பூட்டும்போது
ரசீதின் பின்பக்கம் எழுதி நீட்டினாள்:
"ஜெஸீலுக்கு எவ்வளவு?"

ஜெனரேட்டர் அப்போது நின்றிருந்தது.
கேட்கவில்லை என்று சொல்ல
வழியில்லை.