பாண்டு

சாட்ஸ்வொர்த், யூனிட் ஏழு.
பின்சுவர் மழையில் சரிந்து பதினோரு நாள்.
இன்ஜினியர் வைத்துப்போன தாளில்
பீம், ஸ்ட்ரட், பிரேஸ், டிரஸ், லிண்டல்.
லிண்டலுக்கு மட்டும் அடிக்கோடு இரண்டு.

தாங்குவதற்கு அவர்களிடம் இத்தனை பேர்.
எனக்குக் குபேந்திரன் ஒருவன்,
அவனும் இப்போது கேப் டவுனில், வேறொருத்தி வீட்டில்.

பாண்டு ஏற்கெனவே உண்டா என்றாள் வங்கிக்காரி.
உண்டு. இன்னும் ஒன்பது வருடம் பாக்கி.
செங்கல் மேல் செங்கல் மூட்டு மறைத்து ஏறுகிறதே,
அதற்கும் பாண்டு என்றுதான் பெயராம்.
கரண்டிக் காம்பால் தட்டிக் காட்டினான் சிபோனெலோ.

எங்கள் பாஷையில் எல்லாம் ஒரே சொல், கட்டு, என்றேன்.
வீட்டைக் கட்டுவோம், ஆட்டைக் கட்டுவோம்,
தவணை கட்டுவோம், கதையும் கட்டுவோம்.
கட்டிக்கொண்டவன் போய்விட்டால்
அதற்கு மட்டும் சொல் தேட வேண்டியிருக்கிறது.

கம்பியைக் குறடால் முறுக்கியபடியே சொன்னான்:
எங்களிடமும் ஒன்றுதான். போஃபா.
இதோ, இந்த முடிச்சு போஃபா.
எண்பத்தாறில், விடியுமுன்னே,
அப்பாவை வேனில் ஏற்றினார்களே, அதுவும்.

குறடு கொஞ்சம் நின்றது.
பிறகு இன்னொரு முறுக்கு,
தேவைக்கு மேல்.

லிண்டல் லாரி இன்றைக்கும் வரவில்லை.
வாசலுக்கு மேலே இருக்கிற சுமையை
இரண்டு தைலமரக் கழிகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன.
தாளில் அவற்றுக்குப் பெயரும் இல்லை, விலையும் இல்லை.
தேநீர்த் தட்டோடு
அவற்றின் நடுவே பக்கவாட்டில் நுழைந்து
போய்வருகிறேன்.