பூசணிக்காய்ப் பாக்கி

அறுப்புப் பண்டிகை ஏலத்தில்
ஐம்பது ரூபாயில் கிளம்பிய பூசணிக்காய்
பதினோராயிரத்து ஐந்நூறில் போய் நின்றது.
மைக்கில் ஆயர் மூன்று தரம் சொன்னார்.
எடுத்தவர் சாலமோன் தவமணி,
தவிட்டு வியாபாரம், புதுவயல்.
கைதட்டல் ஓயுமுன்
மறுபடி ஏலத்துக்கே விட்டுவிட்டார்.
அவர் மச்சினர் ஏழாயிரத்துக்கு எடுத்தார்.
அப்புறம் அது அசனத்துக் கூட்டாகி
முந்நூறு இலைகளில் முடிந்தது.

அது ஐப்பசி.
இது மாசி.
பூசணிக்காய் வகையில் வரவு: இரண்டாயிரம்.
நிலுவை: பதினாறாயிரத்து ஐந்நூறு.
நான் சபையின் பொருளாளர்.
செரித்துப்போன காய்க்கு
வசூலுக்கு அலைகிறவள்.

பணம் எங்கே போகிறதென்றால்
ஒரு வேனுக்கு.
செவ்வாயும் வெள்ளியும் விடிகாலை ஐந்துக்குப்
புதுவயல், சாக்கோட்டை, கண்டனூர் சுற்றி
எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு
காரைக்குடி பெரியாஸ்பத்திரிக்குப் போகும்,
டயாலிசிஸுக்கு.
போகும்போது பேச்சு இருக்கும்.
வரும்போது இருக்காது.
தேவசித்தம் பாட்டை அணைத்துவிட்டுப்
பள்ளங்களை ஒவ்வொன்றாய் விலக்கி ஓட்டுவான்.

கமிட்டியில் கேட்டார்கள்:
எட்டுப் பேரில் நம் சபையார் எத்தனை?
ஒருவர், என்றேன்.
ஒருவர்தானா?
போன தையில் இரண்டு, என்றேன்.
அதன்பின் யாரும் கேட்கவில்லை.
கோபுர மணிக்கு வைத்த பணத்தில்
கை வைக்கக் கூடாது என்பதை மட்டும்
தீர்மானமாய் எழுதிக்கொண்டோம்.

டீசல், வயிரவன் செட்டியார் பங்கில்.
மாதக் கடைசியில் கணக்குப் பார்ப்போம்.
அவர் பேரேட்டின் தலையில் உ.
என் பேரேட்டின் தலையில் சிலுவை.
கீழே இரண்டிலும்
அதே நாலாயிரத்து முந்நூற்று அறுபது,
எனக்குக் கொடுக்க வேண்டியது,
அவருக்கு வர வேண்டியது.
'எங்க அய்யா காலத்துலேருந்து
மகமைன்னு எடுத்து வைக்கிறது ஒண்ணு இருக்கு.
அதுல இதைக் கழிச்சுக்கலாமான்னு யோசிக்கிறேன்' என்பார்.
மூன்று வருஷமாய் யோசிக்கிறார்.
ஆனாலும் ஒரு நாளும்
வண்டியை வெறும் டேங்கோடு அனுப்பியதில்லை.

சிக்கந்தர் பாய் இறங்கும்போதெல்லாம்
ஸ்டீயரிங் பக்கத்தில் பத்து ரூபாய் வைப்பார்.
இலவசம் பாய், என்பான் தேவசித்தம்.
தெரியும், என்பார்.
வைத்துவிட்டுத்தான் இறங்குவார்.
அதற்கு என்னிடம் தலைப்பு இல்லை.
காணிக்கை என்றால் அவருக்குச் சங்கடம்,
கட்டணம் என்றால் எங்களுக்கு.
ஐந்தாறு வாரம் பென்சிலில் எழுதிவைத்துப் பார்த்து
கடைசியில் 'பத்து' என்றே தலைப்புப் போட்டுவிட்டேன்.
தணிக்கைக்கு வந்த தம்பி நிமிர்ந்தான்.
பத்துன்னா? தசமபாகமா?
நான் வாயைத் திறக்குமுன்
அவனே டிக் அடித்துக்கொண்டான்.

நேற்றுத் தவமணி கடைக்குப் போனேன்.
தவிட்டுத் தூசியில் எனக்குத் தும்மல்.
அடுத்த மாசம், என்று ஆரம்பித்தவர்
சும்மா கேட்பதுபோல் கேட்டார்,
'யார் யார் போறாங்க அதுல?'
சொல்லிக்கொண்டே வந்தேன்.
பஞ்சவர்ணம் என்றதும் நிறுத்தினார்.
'நம்ம சாக்குத் தைக்கிற பஞ்சவர்ணமா?'
ஆமாம்.
'செவ்வா, வெள்ளி வர்றதில்லைன்னு
சம்பளம் பிடிச்சிட்டிருக்கேனே.'

கால்குலேட்டரை இழுத்தார்.
தட்டினார். அழித்தார். மறுபடி தட்டினார்.
எந்தக் கணக்கு என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.
மூவாயிரம் எண்ணிக் கொடுத்தார்.
எந்தத் தலைப்பில் எழுத? என்றேன்.
கண்ணாடியைக் கழற்றித்
தவிட்டைத் துடைத்தார், வெகு நேரம்.
'பூசணிக்காய்னே போடுங்க.'

நிலுவை: பதின்மூவாயிரத்து ஐந்நூறு.
வெள்ளிக்கிழமைக்குள்
முன் டயர் ஒன்று வாங்க வேண்டும்.