வருதா?

ஐம்பத்தைந்து அங்குலத்தைக் குட்டியானையில் நிற்கவைத்து
திருப்புல்லாணி வளைவில் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்
கீழக்கரை கொண்டுசேர்த்தேன்.
பாதி நாள் கரண்ட் இல்லாத வருஷம் அது.
மச்சான் ஷார்ஜாவிலிருந்து பணம் கட்டியிருந்தார்.
மீன் திரையை விட்டு வெளியே வரும் என்று
போனில் சொல்லி விற்றவன் நான்.
'அடுத்த தீபாவளிக்குத் தட்டை டி.வி.யை
எவனும் தொடமாட்டான், எழுதி வச்சுக்க'
என்றார் முதலாளி சபாபதி.
நான் எழுதி வைக்கவில்லை.
என் சம்பளம் ஏழாயிரம்.

பெட்டியோடு வந்த டிஸ்க்கில்
ஏதோ ஒரு தேசத்துப் பவளப்பாறை.
தெளிந்த நாளில் இந்த வீட்டு மொட்டைமாடியில் ஏறினால்
அப்பாத்தீவு ஒரு கோடாகத் தெரியுமாம்.
அதற்கடியில் கிடப்பதும் இதே பாறைதான்.
அதை யாரும் படம் பிடித்துப் பெட்டியில் போடவில்லை.

வீட்டில் பதினோரு பேர்.
கண்ணாடி நாலு.
பவர் கண்ணாடிக்கு மேல் இதையும் மாட்டிக்கொண்ட மாமி
'யா அல்லா' என்று தலையைக் குனிந்துகொண்டார்.
ஒரு பொடியன் காற்றில் களவாமீன் பிடித்தான்,
கையை விரித்துப் பார்த்தான்,
திரும்பப் பிடித்தான்.
கடைசியாக, கையைத் துடைத்துக்கொண்டு வந்த
மருமகள் மர்ஜானா மாட்டினார்.
'வருதா?' என்றார்கள் எல்லோரும்.
'ஆமா, வருது.'

பில் எழுதும்போது வாசல் பக்கம் வந்தார்.
'தம்பி, எனக்குக் குடுத்த கண்ணாடி மட்டும் ரிப்பேரா?'
நாலையும் மாற்றி மாற்றிக் கொடுத்தேன்.
'இருட்டாகுது. மீனு கண்ணாடிக்குள்ளதான் கிடக்கு.'
ஒரு கண்ணை மூடச் சொன்னேன். பிறகு மற்றதை.
இடது விழி சற்றே வெளிப்பக்கம் ஒதுங்குவதை
அப்போதுதான் கவனித்தேன்.
'ஒண்ணை மூடினா
ஒங்களுக்கெல்லாம் வேற மாதிரியா தெரியும்?'
'கொஞ்சம்.'
'இம்புட்டு நாளாவா?'

வாரண்டி அட்டையில் இதற்குக் கட்டம் இல்லை.
ஏற்கெனவே ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணி
என் கையில் ஆறிக்கொண்டிருந்தது.
ஊற்றுவதற்கு முன் கெண்டியின் மூக்கு
கிளாஸ் விளிம்பில் 'ணிங்' என்று ஒரு தடவை தொட்டதே,
பழக்கம் என்று நினைத்திருந்தேன்.
முப்பத்தோரு வயது.
ஊசியில் நூல், குழந்தை வாயில் சோறு,
மாடிப்படியின் கடைசிப் படி,
எல்லாவற்றையும் இப்படித் தொட்டுத்தான்
அளந்திருப்பார் போல.
'அவுக போன் பண்ணிக் கேட்டா
எல்லாருக்கும் வருதுன்னு சொல்லிருங்க.'
சொன்னேன்.

அப்புறம் மூன்று முறை சர்வீஸுக்குப் போனேன்.
ஒரு கண்ணாடி மேல் யாரோ உட்கார்ந்துவிட்டார்கள்.
ஒன்று, கடலுக்குள் மீன் வெளியே வருமா என்று பார்க்க
பொடியனோடு ஜெட்டிக்குப் போய்த் திரும்பவில்லை.
மிச்ச இரண்டுக்கும் சார்ஜ் இல்லை.
இன்வெர்ட்டர் காற்றாடிக்கும் ஒரு பல்புக்கும் சரி,
மீனை அது இழுக்காது.
ஒருக்களித்துப் படுத்தால் படம் இருண்டுபோகிறதாம்.
உட்கார்ந்து டி.வி. பார்க்கிற வீடு எது?
இறால் உரித்துக்கொண்டே பார்ப்பார்கள்,
வசனம் புரியாவிட்டால்
பக்கத்தில் இருப்பவர் சிரித்தாரா என்று பார்ப்பார்கள்.
கறுப்புக் கண்ணாடிக்குள்
யார் அழுகிறார் என்று மாமிக்குத் தெரியவில்லை.
அதுதான் அவர் புகார்.

கடையில் மிஞ்சிய மூன்று பெட்டிகள்
அந்தத் தீபாவளிக்குத் தட்டை விலைக்குப் போயின.
'கண்ணாடியே வேண்டாத மாடல் வருது' என்றார் முதலாளி.
வரட்டும்.

கடைசியாகப் போன அன்று
லேப்டாப்பிலிருந்து ஒயர் இழுத்து
மச்சானை முழுத்திரையில் கொண்டுவந்திருந்தார்கள்.
அண்டா மாதிரி முகம், கட்டம் கட்டமாக உடைந்து.
யாரும் எதையும் மாட்டியிருக்கவில்லை.
பொடியன் மூக்கைத் தொட்டுப் பார்த்தான், தட்டைதான்.
'டி.வி. எப்படி, மீனெல்லாம் வெளிய வருதா?' என்றது முகம்.
'வருது வருது' என்றார் மர்ஜானா,
'நீங்க எப்ப வர்றீங்க?'

படம் உறைந்து நின்றது.
நெட்டா, ஆளா, தெரியவில்லை.
நான் பின்பக்கம் குனிந்து
உப்புப் பூத்த ஓட்டையைப்
பல்விளக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.