எண்பத்தேழு சென்ட்

ஐந்தாம் தேதி, காலை பத்து மணி.
லிங்கன் நகரில் எங்கள் மூன்றாம் மாடியில்
பதினான்கு பேர் காதில் கருவி மாட்டிக் காத்திருப்போம்.
அவன் அழைப்பு யார் காதில் விழும் என்று சொல்ல முடியாது.
அழைப்பது மட்டும் தப்பாது.

திரையில் கணக்கு விரியும்:
ஆர்லின் ஸ்டூவ். பிஸ்மார்க்குக்கு வடக்கே ஏதோ ஓர் ஊர்.
படித்தது விமானப் பராமரிப்பு.
பழுது பார்ப்பது அறுவடை இயந்திரங்கள்.
தவணை இருநூற்றுப் பன்னிரண்டு டாலர், முப்பத்தெட்டு சென்ட்.
குறிப்புப் பகுதியில் பக்கத்து மேசைக்காரர் யாரோ:
"பேசுவார். அவசரப்படுத்த வேண்டாம்."

வங்கியிலிருந்து தானாகப் போகட்டுமே என்றால்
"போனது எனக்குத் தெரியணும்" என்பான்.
பின்னால் ஏதாவது எஞ்சின் உறுமிக்கொண்டிருக்கும்.
"இதில் அசலுக்கு எவ்வளவு?"
முதல் வருடம் நான் சொன்ன எண்ணைக் கேட்டுச் சிரித்தான்,
பெட்ரோலுக்குக்கூடக் காணாது என்று.
வட்டி அப்படித்தான்.
பந்தியில் முதலில் உட்கார்ந்து கடைசியில் எழும்.

ஒரு குளிர்காலம் தோள்பட்டை உடைந்து வேலை இல்லை.
தவணைக்கு ஒன்பது நாள் முன்பே அழைத்தான்.
"பாதி கட்டட்டுமா? எதையாவது கட்டட்டுமா?"
தவறிய பின் அழைப்பவர்களிடம்தான் எனக்குப் பேசிப் பழக்கம்.
இவனுக்கு எந்தத் தாளைப் படிப்பது என்று தேடினேன்.
மூன்று மாதம் பாதியாக்கிக் கொடுத்தோம்.
மிச்சப் பாதி எங்கே போகும் என்று கேட்டான்.
வரிசைக் கடைசியில் போய் நிற்கும் என்றேன்.

(எனக்கும் ஒரு கடன் உண்டு, வேறொரு கம்பெனியில்.
இருபதாம் தேதி நான் யாரையும் அழைப்பதில்லை.)

பதினோராம் வருடம், மார்ச்.
பனிச்சறுக்கு வண்டியை விற்று
மீதி ஆயிரத்து ஐந்நூற்றுச் சொச்சத்தையும் ஒரே மூச்சில் கட்டினான்.
கட்டியது வெள்ளி. பதிவானது திங்கள்.
இடையில் மூன்று இரவு வட்டி தூங்கவில்லை.
மிச்சம்: எண்பத்தேழு சென்ட்.

விட்டுவிடுங்கள் என்றேன். ஒரு டாலருக்குக் குறைந்தால்
கணினியே துடைத்துவிடும், ஜூன் வாக்கில்.
எதிர்முனையில் எஞ்சின் நின்றது.
"ஜூன் வரை அந்தத் தாளில் அவர் பெயர் இருக்குமா?"

அப்போதுதான் இரண்டாம் பெயரைப் பார்த்தேன்.
இணைக் கையெழுத்து: டுவெய்ன் ராஸ்கோ.
அம்மாவின் கணவர் என்றான். அப்போது.
கையெழுத்திட்ட அடுத்த கோடையில் பிரிந்துவிட்டார்கள்.
வீடு அவளுக்கு. படகு அவருக்கு, நாயும் அவருக்கு.
கையெழுத்தை மட்டும் பிரிக்க முடியவில்லை.
"ஒரு தடவை போன் பண்ணி
என்னாச்சு என்று கேட்டதில்லை அந்த ஆள்.
நான் கட்டிவிடுவேன் என்று நினைத்தாரோ,
மறந்தே போனாரோ."

அவ்வளவு சின்னத் தொகைக்கு அட்டை செல்லாது.
காசோலை அனுப்பினான்.
தபால்தலைக்கே கிட்டத்தட்ட அவ்வளவு ஆகியிருக்கும்.
ஸ்கேனில் பார்த்தேன்: கட்டை எழுத்து, ஓரத்தில் கிரீஸ் ரேகை.
எண்பத்தேழு சென்ட் என்று எழுதி
மீதி வெற்றிடம் முழுக்க ஒரு கோடு,
யாரும் எதையும் சேர்த்துவிடாதபடி.

இரண்டு கடிதங்கள் அச்சாகிப் போயின.
ஒன்று அவனுக்கு. ஒன்று அரிசோனாவுக்கு,
பழைய முகவரி.
திரும்பி வரவில்லை, இதுவரை.

ஏப்ரல் ஐந்து, பத்து மணி. என் காதில் ஒரு பெண்.
கத்தினாள். இருபதாயிரம் வாங்கி இருபத்தாறு கட்டியும்
இன்னும் பத்தொன்பது நிற்கிறதாம்.
கணக்கைத் திறந்தேன்.
அவள் சொன்னது சரி.
குறிப்புப் பகுதியில் எழுதினேன்:
"பேசுவார். அவசரப்படுத்த வேண்டாம்."