பொட்டில் ஒரு குழி

மரியதாஸ் ஞாயிற்றுக்கிழமை காலை
பிஸ்கட் டின்னோடு வந்தார்.
லெபு ஆச்சேயில் ஒரு கடைவீட்டுக்கு
வயரிங் மாற்றும்போது
கூரைச் சட்டத்துக்கும் ஓட்டுக்கும் நடுவே
கையில் தட்டுப்பட்டதாம்.
"எவ்வளவு தேறும் அக்கா?"

லோரோங் கூலிட்டில் என் தார்ப்பாய் மேல்
ஜப்பான் காலத்து வாழைமர நோட்டுகள்,
ரயில்வே பித்தான்கள்,
நின்றுபோன கைக்கடிகாரங்கள்.
தோட்டா என் சரக்கில்லை.
ஆனாலும் பினாங்கில் பாதிப் பேர்
எதையும் என்னிடம் ஒருதரம் காட்டாமல்
தூக்கிப் போடுவதில்லை.

டின்னைக் கவிழ்த்தேன்.
நான்கு வெறுங்கூடு. ஒன்று முழுசு.
த்ரீ-நாட்-த்ரீ.

வயசு பார்ப்பது பெரிய வித்தையில்லை.
மாட்டுக்குப் பல், இதற்குப் பிட்டம்.
லென்ஸை வைத்தால் அடியில் வட்டமாக
கே, எஃப், ஒரு அம்புக்குறி, நாற்பத்தொன்று.
புனாவுக்குப் பக்கத்தில் கிர்க்கி;
கப்பலேறி வந்த பித்தளை.
ஜப்பான்காரன் தோட்டா என்றால்
பெரும்பாலும் இந்த எழுத்துகூட இருக்காது.
கழுத்தில் ஒரு ரோஸ் கோடு, அவ்வளவுதான்.
பேர் போடாத மொட்டைக் கடிதாசி.

விலை வேறு கதை.
காகிதப் பெட்டியோடு, கட்டுப் பிரிக்காமல்,
லேபிளோடு வந்திருந்தால்
ஈப்போ ஓங் கிம் சுவீ
உள்ளே இருப்பதைவிட
அட்டைக்கு அதிகம் தருவார்.
தனிக் கூட்டுக்கு ஐந்து வெள்ளி.
அதுவும் நடுவிலிருக்கும் செம்புப் பொட்டைச் சுற்றி
ஊதா அரக்கு வளையம் அழியாமலிருந்தால்.

அழிந்திருந்தது.
ஐந்தும் குத்துவிளக்காக மின்னின.
"புளி போட்டுத் தேய்ச்சேன்க்கா,
பார்க்க லட்சணமா இருக்கட்டும்னு."
எண்பது வருஷக் கறுப்பை
ஓர் உருண்டைப் புளியில் கரைத்துவிட்டுச்
சிரிக்கிறார் மனுஷர்.
ஐந்து வெள்ளி இரண்டானது.

பிறகுதான் முழுசைத் திருப்பினேன்.

அதன் பொட்டிலும் குழி.

வெறுங்கூடுகளில் இருப்பது தெரிந்த கணக்கு:
ஊசி இறங்கியது, வெடித்தது, போயிற்று.
இது ஊசியை வாங்கியும்
குண்டைக் கவ்விக்கொண்டே இருக்கிறது.
காதருகே மெல்லச் சாய்த்தால்
உள்ளே சேமியா உரசுகிற மாதிரி ஒரு சத்தம்.

சேகரிப்பவர்கள் இதைப் பழுது என்பார்கள்.
பாதி விலை கழி.
எதிலிருந்து கழிப்பதென்று எனக்கு விளங்கவில்லை.
ஈரமோ, அன்றைக்குக் கிர்க்கியில்
மருந்து வைத்த கைக்குக் காய்ச்சலோ,
ஒருத்தன் விசையை இழுத்திருக்கிறான்,
எதிரில் இன்னொருத்தன்
ஒரு 'டிக்' மட்டும் கேட்டிருக்கிறான்.
ஓடினானா, அடுத்ததில் விழுந்தானா.
நான்கு கூடுகளும் வாயைப் பிளந்துகொண்டு
சும்மா கிடந்தன.

"இதுக்கு விலையே கிடையாது" என்றேன்.
மரியதாஸ் முகம் மலர்ந்தது.
"ஐயோ, அந்த அர்த்தத்துல இல்ல.
வெச்சிருந்தா ஜெயில்."
டின்னைவிட்டு மூன்றடி தள்ளிப் போனார்,
அதுவரை மோட்டார் கூடையில்
ரொட்டியோடு போட்டுக்கொண்டு வந்தவர்.

பாலாயிலிருந்து சார்ஜன் ரொஸ்லான்
மணல் வாளியோடு வந்தார்.
வருஷம் கேட்டார், எழுதிக்கொண்டார்.
'நிலை' என்ற கட்டத்தில் பேனாவை நிறுத்தி
என்னைப் பார்த்தார்.
"தேய்த்தது" என்றேன்.
வெறுங்கூடுகளையும் சேர்த்தே அள்ளிப் போனார்கள்.
டின்னை மட்டும் விட்டுவிட்டார்கள்.
மூடியில் கிளி படம்,
துரு தன் இடத்தில் அப்படியே.
ஓங் கிம் சுவீ நாற்பது வெள்ளி கொடுத்தார்.
நல்லவேளை, அதை யாரும் தேய்க்கவில்லை.

புதன்கிழமை மரியதாஸ் கூப்பிட்டார்.
கல்லுடைக்கிற இடத்தில் வைத்து
முடித்துவிட்டார்களாம்.
"வெடிச்சிருச்சாம் அக்கா."

டின் காசைச் சொல்ல வாயெடுத்தவள்
"எதிர்ல யாரு நின்னாங்க?"
என்று கேட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரம் போனில் ஒன்றுமில்லை.

"மணல்தான் அக்கா."